‘மிக மோசமான கண்டக்டர்’ என்று எழுதியதற்கு வக்கீல் நோட்டீஸ்: என்ன செய்வது?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

எழுதியிருப்பவர் பெரம்பூரில் வசிப்பவர்; ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த நாட்களில் அக்கம்பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றிடம் வயலின் கற்றுக்கொண்டவர். பிறகு வாசிப்பதை விட்டுவிட்டாலும் கேட்பதை விடாதவர். மேற்கத்தியச் செவ்வியல் இசை கேட்பவர்களுக்காக 140 பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறார். அதில் ‘என் பார்வையில் சிறந்த ஐந்து, மோசமான ஐந்து நடத்துநர்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டார். நடத்துநர் என்றால் இங்கே இசைக்குழுவின் முன் நின்று குச்சியசைத்து வழிநடத்தும் கண்டக்டர். சிறந்தவர்களில் ஃபுர்ட்வெங்லரும் கார்லோஸ் க்ளைபரும் இருந்தார்கள். மோசமானவர்களில் கரயானும் ஜுபின் மேத்தாவும் இருந்தார்கள். மோசமானவர்களில் ஐந்தாவதாக, வட சென்னையில் ஓர் அமெச்சூர் இசைக்குழுவை நடத்தும் ஒருவரின் பெயரையும் எழுதிவிட்டார். அந்தக் குழு கிறிஸ்துமஸை ஒட்டி டிக்கெட் போட்டு நடத்திய கச்சேரியில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை வாசித்தது. அதைப் பற்றி இரண்டாவது பதிவாக ஒரு விமர்சனமும், வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் முற்றியபோது மூன்றாவது பதிவாக அந்த நடத்துநரைப் பற்றிச் சில வரிகளும் எழுதினார். ‘ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாத ஆள், வாங்கிய சான்றிதழே பொய், ஒத்திகையில் பிள்ளைகளை அழவைக்கிறார், டிக்கெட் பணம் எங்கே போனது என்று யாராவது கேளுங்கள்’ என்பவை அந்த வரிகள். இவற்றில் பலவும் அதே இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வாசிக்கும், வாசகருடைய தங்கை மகன் சொன்னவை.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. மூன்று பதிவுகளையும் நீக்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவிலேயே நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும், பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும், எல்லாம் 15 நாட்களுக்குள் நடக்க வேண்டும் என்கிறது அது. ‘போலீஸ் வந்து அழைத்துப் போய்விடுமோ என்று என் மனைவி தூங்குவதில்லை. கரயான், டோஸ்கனினி போன்ற பெரிய நடத்துநர்களையே உலகம் விமர்சிக்கிறது, எனக்கு மட்டும் அந்த உரிமை இல்லையா? உண்மையைச் சொல்வது குற்றமா? பதிவுகளை அழித்துவிட்டால் போதுமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் மனைவியின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது; 2024 ஜூலை 1க்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளாக இருந்தது இதுதான். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். காவல்துறை தானாக வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய குற்றமும் அல்ல. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும்; புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, அந்தப் புகாரை நீதிமன்றம் கோப்பில் எடுத்துக்கொள்வதற்கு முன்பே உங்கள் தரப்பைச் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். ஸ்டேஷனிலிருந்து யாராவது போனில் கூப்பிட்டால், பதறாமல், எழுத்தில் அழைப்பு அனுப்பும்படி மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் கையில் இருப்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கடிதம். நீதிமன்றத்தின் உத்தரவு அல்ல. 15 நாள் என்ற கெடுவும் அவர் வைத்ததுதான், சட்டம் வைத்தது அல்ல. ஆனாலும் அதற்குள் பதில் அனுப்புவதே நல்லது என்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பயப்பட வேண்டாம் என்று சொன்னதால் இது சாதாரண விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றத்திலேயே எதிர்த்துப் பார்த்தார்கள்; 2016இல் நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது.

மேடையில் கேட்டதும் மேடைக்கு வெளியே சொன்னதும்

நீங்கள் மூன்று பதிவுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு ‘இது என் தனிப்பட்ட கருத்து’ என்கிறீர்கள். எதிர்த்தரப்பும் அதே மூட்டையைக் கட்டிக்கொண்டு ‘எல்லாம் அவதூறு’ என்கிறது. இரண்டு பேரும் சொல்வது சரியல்ல. 356ஆம் பிரிவிலேயே பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆறாவது விதிவிலக்கு உங்களைப் போன்ற ரசிகர்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். பொதுமக்களின் தீர்ப்புக்காக ஒருவர் முன்வைத்த ஒரு நிகழ்த்துதலைப் பற்றியும், அந்த நிகழ்த்துதலில் வெளிப்படும் அளவுக்கு மட்டும் அவருடைய தன்மையைப் பற்றியும், நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறாகாது. பொதுமேடையில் தோன்றும் நடிகரும் பாடகரும் தம் கலையை மக்களின் தீர்ப்புக்கு விடுகிறார்கள் என்று சட்டமே உதாரணம் கொடுக்கிறது. டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்திய நடத்துநருக்கும் இது பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே இடத்தில் இன்னும் இரண்டு உதாரணங்கள் உண்டு, அவற்றை நிதானமாகப் படியுங்கள். ஒருவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு ‘இந்தப் புத்தகம் அசட்டுத்தனமாக இருக்கிறது, எழுதியவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும்’ என்று சொன்னால் அது விதிவிலக்குக்குள் வருகிறது. ‘புத்தகம் அசட்டுத்தனமாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை, ஏனென்றால் ஆள் பலவீனமானவர், ஒழுக்கமில்லாதவர்’ என்றால் வராது. முதலாமவர் படைப்பிலிருந்து மனிதரிடம் போகிறார். இரண்டாமவர் மனிதரைப் பற்றித் தமக்கு இருந்த எண்ணத்தைப் படைப்பின் மேல் ஏற்றுகிறார். உங்கள் இரண்டாவது பதிவு முதல் வகை, மூன்றாவது பதிவு இரண்டாவது வகை. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

உங்கள் விமர்சனத்தை நான் மகிழ்ச்சியோடு படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கம் நடத்துநருக்கு எவ்வளவு கடினமானது என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். முதல் அளவில் (தாளக் கட்டத்தில்) முதலில் இருப்பது ஒலி அல்ல, ஒரு சிறு மௌனக் குறி. நடத்துநரின் குச்சி வெறும் அமைதியின் மேல் இறங்க வேண்டும், அதன் பின்தான் மூன்று குறுகிய சுரங்கள் பாய்ந்து வந்து நான்காவதில் நிற்க வேண்டும். பீத்தோவன் குறித்திருக்கும் வேகமோ நிமிடத்துக்கு 108 அளவுகள். ‘வயலின்கள் முந்திக்கொண்டன, க்ளாரினெட்டுகள் பின்னால் வந்தன, முதல் நான்கு சுரங்களே இரண்டு முறை கேட்டது போல இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் தந்தி வாத்தியங்களும் க்ளாரினெட்டும் மட்டுமே வாசிக்கின்றன. காதால் கேட்டவர்தான் இப்படி எழுத முடியும். இந்த வரிகளுக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, கேட்கவும் கூடாது.

ஆனால் அதே விமர்சனத்தின் இறுதியில் ஒரு வரி இருக்கிறது. ‘முதல் பகுதியின் பின்பாதியில் ஹார்ன்கள் கம்பீரமாக அழைக்க வேண்டிய இடத்தில் பஸூன்களை வாசிக்கவிட்டார், ஸ்கோரைத் திறந்து பார்த்தாரா?’ என்கிறீர்கள். (ஹார்ன் பித்தளை ஊதுவாத்தியம், பஸூன் மரத்தால் ஆன ஊதுவாத்தியம்.) மூன்றாவது பதிவில் ‘ஸ்கோர் படிக்கத் தெரியாத ஆள்’ என்று எழுதியதற்கு அடிப்படையும் இதுதான். வருத்தத்தோடு சொல்கிறேன்: அந்த இடத்தில் பீத்தோவன் எழுதியிருப்பது பஸூன்களுக்குத்தான். முதல் முறை வரும்போது அந்த அழைப்பு ஹார்ன்களுக்கு உரியது. மறுமுறை சுருதி மாறி வருகிறது. வால்வு இல்லாத அக்கால ஹார்ன்கள் அதற்குள் தம்மை மாற்றிக்கொள்ள இயலாததால் பஸூன்களிடம் கொடுத்திருக்கிறார் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பழைய தலைமுறை நடத்துநர்கள் பலர் அதை ஹார்ன்களுக்கே திருப்பிக் கொடுத்து வாசிக்க வைத்தார்கள். உங்கள் காது அந்தப் பழைய பதிவுகளில் பழகிய காது. உங்கள் ஊர் நடத்துநர் அந்த இடத்தில் ஸ்கோரை மீறவில்லை, அதன்படியே நடந்திருக்கிறார்.

இதை இசைத் தகவலாக மட்டும் சொல்லவில்லை. ‘நல்லெண்ணம்’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், மனதில் வஞ்சம் இல்லாமல் இருப்பது மட்டுமல்ல. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்கிறது. ஐந்தாவது சிம்பொனியின் ஸ்கோர் யாரும் எளிதாகப் பார்க்கக் கூடியது. ஒரு நடத்துநருக்கு ஸ்கோர் படிக்கத் தெரியாது என்று 140 பேர் முன்னால் எழுதுகிறவர் அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், நீதிமன்றத்தில் அதற்கு நல்ல பதில் நம்மிடம் இல்லை.

கரயானையும் மேத்தாவையும் பற்றி

உங்கள் முதல் பதிவு, அதாவது பட்டியல், எனக்கு மிகக் குறைந்த கவலையைத் தருவது. கரயானின் பெர்லின் ஒலி மெருகேறி மெருகேறி உயிரை இழந்தது என்பது உங்கள் கருத்து. இது போன்ற குறையை அவர் மேல் சொன்னவர்கள் நிறைய பேர். நான் உடன்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் அவர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பதிவு செய்த பீத்தோவன் தொகுப்பில் தந்தி வாத்தியங்கள் கடிக்கும் கடி, மெருகு மட்டும் தெரிந்தவரிடமிருந்து வராது. ஃபுர்ட்வெங்லரின் குச்சி நடுங்கும், எங்கே அடி விழுகிறது என்று புதியவர்களுக்குப் புரியாது என்பதும் பிரபலமான செய்திதான். அதே தெளிவில்லாத குச்சியிலிருந்துதான் 1951இல் ஜெர்மனியின் பைராய்த்தில் வாசிக்கப்பட்ட அந்த ஒன்பதாவது சிம்பொனி பிறந்தது. எனவே ‘குச்சி தெளிவாக இல்லை’ என்பதை வைத்து மட்டும் யாரையும் மோசமானவர் என்று முடிவு கட்ட முடியாது, உங்கள் ஊர்க்காரர் உட்பட. க்ளைபர் விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் அவர் 1974இல் பதிவு செய்த ஐந்தாவது சிம்பொனியை விடச் சிறந்ததை நான் கேட்டதில்லை.

கரயான் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆவணங்களில் இருக்கும் உண்மை. ஆனால் அடுத்த வரியில் ‘ஃபுர்ட்வெங்லரும் அதே கட்சிதான்’ என்று ஒருவர் சொன்னபோது நீங்கள் மறுக்கவில்லை. ஃபுர்ட்வெங்லர் ஜெர்மனியிலேயே தங்கியவர், அதற்காக இன்றும் விமர்சிக்கப்படுபவர், ஆனால் கட்சியில் சேராதவர். போருக்குப் பின் 1946 டிசம்பரில் விசாரணையை எதிர்கொண்டு, விடுவிக்கப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் மேடையேறியவர். இறந்தவர்களைப் பற்றி எதையும் எழுதலாம் என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. உயிரோடு இருந்தால் ஒருவரின் பெயரைக் கெடுக்கும் என்ற செய்தியை, அவர் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால், அதுவும் அவதூறாகலாம் என்று 356ஆம் பிரிவின் முதல் விளக்கமே சொல்கிறது. உங்கள் பட்டியலுக்கு அந்த நோக்கம் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை.

ஜுபின் மேத்தா உயிரோடு இருப்பவர். சுனாமியின் முதலாம் ஆண்டு நினைவாக 2005 டிசம்பர் 26 அன்று மியூசிக் அகாடமியில் அவர் நடத்திய கச்சேரிக்கு நீங்கள் போயிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டதை வைத்து, அவர் இசை பகட்டானது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

‘அவர்கள் யாரும் கேஸ் போடவில்லையே’ என்று கேட்டீர்கள். பெரிய மேடையில் இருப்பவர்கள் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்வது பெரும்பாலும் பெருந்தன்மையால் அல்ல. ஒரு ரசிகரின் சொல்லால் அவர்களுக்கு ஒரு வாய்ப்பும் போய்விடாது. உங்கள் ஊர் நடத்துநர் நிலைமை வேறு. அவரிடம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் சிலராவது உங்கள் குழுவில் இருப்பார்கள். பெரிய இடங்களிலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் டொனால்டு ரோசன்பர்க் என்ற விமர்சகர், அந்த ஊர் இசைக்குழுவின் நடத்துநர் ஃப்ரான்ஸ் வெல்சர்-மொஸ்ட்டைத் தொடர்ந்து கடுமையாக விமர்சித்து வந்தார். 2008இல் அவருடைய பத்திரிகை அந்தப் பொறுப்பிலிருந்து அவரை மாற்றியது. வழக்குப் போட்டவர் விமர்சகர்தான். பத்திரிகை மேலும் இசைக்குழுவின் நிர்வாகம் மேலும் போட்டார், 2010இல் தோற்றார். வெல்சர்-மொஸ்ட் நல்ல நடத்துநரா இல்லையா என்ற கேள்விக்கு அந்த வழக்கு விடை சொல்லவில்லை. உங்கள் வழக்கும் சொல்லாது. நீங்கள் நீதிமன்றம் போய் ஜெயித்தாலும், அந்த டிசம்பர் மாலையில் வாசித்தது மோசமாக இருந்தது என்று எந்த நீதிபதியும் எழுதித்தரமாட்டார்.

‘உண்மையைத்தானே சொன்னேன்?’

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். சிவில் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபித்தால் அதுவே முழுத் தற்காப்பு. கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். இரண்டிலும் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான். சான்றிதழ் பொய் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? தங்கை மகன் கேள்விப்பட்டது. டிக்கெட் பணத்துக்கு? ஒரு கேள்விக்குறி. கேள்வியாகக் கேட்டால் குற்றச்சாட்டு ஆகாது என்று நினைக்க வேண்டாம். படிப்பவர் மனதில் என்ன பதிகிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

பணக் கணக்கில் உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், அதற்கு வேறு வழி இருக்கிறது. அந்த இசைக்குழு பதிவு செய்த சங்கமாக இருந்தால், நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கணக்குக் கேட்கலாம். பதில் வராவிட்டால் சங்கங்களைப் பதிவு செய்யும் மாவட்டப் பதிவாளரிடம் புகார் செய்யலாம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டை எட்டாவது விதிவிலக்கு பாதுகாக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மூடிய குழு என்பதும் உதவாது. குறிவைக்கப்பட்டவரைத் தவிர வேறு ஒருவர் படித்தாலே அது வெளியீடுதான்.

ஒத்திகை பற்றிய வரி தனி ரகம். ஒத்திகை பொதுமக்களின் தீர்ப்புக்கு விடப்பட்டது அல்ல, அதனால் ஆறாவது விதிவிலக்கு அங்கே எட்டாது. பிள்ளைகள் அழும் அளவுக்கு நடத்தப்படுகிறார்கள் என்பது உண்மையானால் அது இசை விமர்சனத்தை விடப் பெரிய விஷயம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டிய விஷயம். மோசமான நடத்துநர் என்பதற்கு ஓர் உப செய்தியாக அதை எழுதியது அந்தப் பிள்ளைகளுக்கும் நியாயம் செய்யவில்லை.

இப்போது செய்ய வேண்டியவை

எதையும் அழிக்காதீர்கள், இன்றைக்கு. முதலில் மூன்று பதிவுகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் உள்ள முழு உரையாடலையும் ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்து வையுங்கள். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். கச்சேரியின் டிக்கெட், நிகழ்ச்சி நிரல் தாள் இரண்டையும் எடுத்து வையுங்கள். நீங்கள் நேரில் கேட்டுவிட்டு எழுதினீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. நோட்டீஸுக்குப் பிறகு சத்தமில்லாமல் நீக்கினால், ஆதாரத்தை மறைத்தது போலத் தோன்றும். அவர்கள் கையில் ஸ்க்ரீன்ஷாட் எப்படியும் இருக்கும்.

பிறகு ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அதில் மூன்று பதிவுகளையும் தனித்தனியாக எடுத்துப் பேச வேண்டும். பட்டியலும் விமர்சனமும் பொதுமேடை நிகழ்ச்சியைப் பற்றிய கருத்துகள், அவை அப்படியே நிற்கும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். பஸூன் பற்றிய வரி பிழையானது என்று நீங்களே திருத்தி, அந்தத் திருத்தத்தைக் குழுவிலும் போடுங்கள். மூன்றாவது பதிவைத் திரும்பப் பெறுவதாகவும், சான்றிதழ், பணம், ஸ்கோர் பற்றிய வரிகளுக்கு வருந்துவதாகவும் எழுதி, அதே குழுவில் அதே 140 பேர் படிக்கும்படி வெளியிட்டுவிட்டு, அதன் பின் அந்தப் பதிவை நீக்குங்கள். நஷ்டஈட்டுக் கோரிக்கையை மறுக்கலாம். ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ என்ற அவர்களுடைய வாசகத்தில் கையெழுத்திட வேண்டாம். அது விமர்சனத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். என் சக வழக்கறிஞர்கள் சிலர், மௌனமாக இருந்து ஓராண்டு கடத்துங்கள், சிவில் வழக்குக்குக் காலவரம்பு முடிந்துவிடும் என்று சொல்லக்கூடும். காலவரம்பு ஓராண்டு என்பது சரிதான். ஆனால் கிரிமினல் புகாருக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, அத்தனை நாளும் உங்கள் மனைவி தூங்காமல் இருப்பதை நான் விரும்பவில்லை.

இந்தப் பதிலுக்குப் பிறகும் அவர்கள் வழக்குப் போட்டால், நஷ்டஈட்டு வழக்கு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்துக்கு வரும். அவதூறு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் என்பதால் கிரிமினல் வழக்கும் எந்தக் கட்டத்திலும் பேசி முடிக்கக்கூடியதே. முன்பே திருத்தமும் வருத்தமும் தெரிவித்தவர் என்ற நிலையில் நீங்கள் அங்கே நிற்பது பெரிய பலம்.

கடைசியாக உங்கள் தங்கை மகன். கடிதத்தில் அவரைப் பற்றி நீங்கள் கவலைப்படவே இல்லை, எனக்கு அதிகக் கவலை அவரைப் பற்றித்தான். மூன்றாவது பதிவில் உள்ள செய்திகளை இசைக்குழுவில் வாசிப்பவர்களில் ஒருவர்தான் வெளியே சொல்லியிருக்க முடியும் என்பது அந்த நடத்துநருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பதிலிலும் குழுவிலும் ‘நம்பகமான இடத்திலிருந்து கேள்விப்பட்டேன்’ என்பது போன்ற எந்தச் சொல்லும் வரக் கூடாது. வழக்கு என்று வந்தால் அவரைச் சாட்சியாக அழைக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதை இப்போதே, அவருடைய சம்மதத்தோடு, முடிவு செய்யுங்கள். அவர் மறுத்தால், சான்றிதழ் பற்றியும் பணம் பற்றியும் நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டே பதிலை எழுத வேண்டும். உங்கள் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.